பிரேதச செயலகம்

மூன்று வாரம் நான் மூன்று கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை கிடைக்காமல் போனது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்துவிட்டுப் பிறகு கண்ணைக் கசக்குவது எனக்குப் பிடிக்காது.

மாத்தளை டவுனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். அங்கே தமிழ்ப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன். ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில். டிசம்பரில் புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். டிசம்பர் வந்தால்தான் தெரியும். சிங்களப் பிரிவுக்குப் புது மெஷின்கள் வந்தபோது அவர்கள் கழித்துப்போட்ட பன்னிரண்டு பழைய மெஷின்கள் எங்கள் அறைக்கு வந்தன. அதுவரை எங்களிடம் இருந்தவை இப்போது பின்பக்கத் தாழ்வாரத்தில் மழையில் நனைகின்றன. இதைக் கேட்டால் மிஸ் எப்போதும் சண்டைக்கு நிற்கிறாள் என்பார்கள். நிற்கிறேன்தான். நிற்காவிட்டால் அந்தப் பன்னிரண்டும் வந்திருக்காது.

அந்த மெஷின்களில் தமிழ் சரியாக அடிக்க முடியாது. அரசாங்கக் கந்தோர்களில் பாவிக்கும் தமிழ் விசைப்பலகை பழைய டைப்ரைட்டர் வழியில் வந்தது. ‘பெ’ அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ‘ப’. கையால் எழுதும்போதும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் கம்ப்யூட்டர் உள்ளே எழுத்தை முன்னாலும் கொம்பைப் பின்னாலும் வைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் மென்பொருள் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். எங்கள் மெஷின்களில் இருந்த பதிப்பு மாற்றாது. கொம்பு போய் முந்தின எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். புதிய பதிப்பில் இந்தப் பிழை இல்லை. ஆனால் இவ்வளவு பழைய மெஷினில் ஓடக்கூடியதாகப் புதிய பதிப்பை யாரும் தயாரித்துத் தருவதில்லை. இருந்த ஒரே வழி, பழைய பதிப்பின் மூல நிரலை எடுத்து, கொம்பு விஷயத்தை நானே அதில் திருத்தி, எங்கள் மெஷினுக்காகவே அதைக் கட்டிக்கொள்வது. அரிசியாக வாங்காமல் நெல்லாக வாங்கிக் குற்றிக்கொள்வது மாதிரி என்று வகுப்பில் சொன்னேன்.

பரீட்சைக்கு நாலு வாரம் இருந்தது. தமிழ்த் தட்டச்சுப் பரீட்சை. வகுப்பில் பத்துப் பேர். ஒன்பது பேர் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வந்த பிள்ளைகள். பத்தாமவளுக்கு வயது முப்பத்துநாலு. கலேவெலயிலிருந்து வருவாள். தம்புள்ளயில் பஸ் மாறி, நாலந்தா, பலாபத்வல எல்லாம் தாண்டி வந்து சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இரண்டு பிள்ளைகள். கணவர் வெங்காயத் தோட்டம் செய்கிறார். ஊருக்குப் பக்கத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் தமிழ்த் தட்டச்சாளர் இடம் காலியாக இருந்தது. முப்பத்தைந்து முடியாதவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். பரீட்சைக்கு ஐந்து வாரம் கழித்து அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. சான்றிதழ் கையில் இருந்தால் அந்த விண்ணப்பம் போகும். இல்லாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் போகாது.

வகுப்பில் அவளை யாரும் பிடிக்க முடியாது. சனிக்கிழமைகளில் சிங்களப் பிரிவின் புது மெஷின்களைக் கெஞ்சி வாங்கிப் பயிற்சி கொடுப்பேன். அங்கே கொம்பு ஒழுங்காக விழும். ஆனால் பரீட்சை வார நாளில், எங்கள் அறையின் பழைய மெஷின்களில்தான்.

“மிஸ், நான் நிமிஷத்துக்கு எத்தன?” என்று கேட்டாள் ஒரு நாள்.

“நாப்பது.”

“பாஸாக?”

“முப்பது போதும்.”

“அப்ப மிச்சம் பத்தயும் பின் வரிசை வாங்குல ஈக்கிற பொடியனுக்குக் குடுத்துருங்க. அவன் இன்னும் ‘அ’வத் தேடிட்டு ஈக்கிறான்.”

நான் உடனே வேலையைத் தொடங்கியிருப்பேன். எங்கள் நிலையப் பொறுப்பாளர் விடவில்லை. அவர் சிங்களவர், கெட்டவர் இல்லை, தமிழும் பேசுவார். ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார்.

“மெஷின்ல கை வைக்க முன்னுக்கு ஒரு ரிப்போர்ட் வேணும் மிஸ்,” என்றார். “இத கட்டுறதுக்கு என்னென்ன டூல் இருக்கு, எது நல்லம், ஏன் நல்லம். சிங்களத்திலயும் தமிழ்லயும் தாங்க. தலைமைக் கந்தோருக்கு அனுப்பணும்.”

“சேர், பரீட்சைக்கு நாலு வாரம்தான் இருக்கு.”

“அப்ப மூணு வாரத்துல குடுங்க.”

கோபம் வந்தது. கோபத்தோடு கொஞ்சம் ஆசையும் வந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது வருடத்தில் என்னிடம் முதல் தடவையாக ஒரு தொழில்நுட்ப அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். வருகை இடாப்பு கேட்பார்கள், கதிரைக் கணக்கு கேட்பார்கள். அபிப்பிராயம் கேட்டதில்லை. உட்கார்ந்து நன்றாகச் செய்து காட்டுகிறேன் என்று தொடங்கினேன்.

மூன்று கருவிகளை எடுத்தேன். முதலாவது மேக் (make). எல்லாவற்றிலும் பழையது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் வரிசையாகச் செய்யும். மெதுவாகத்தான் போகும், எங்கள் மெஷினில் முழுதாகக் கட்டி முடிக்க நாலு மணித்தியாலம். இரண்டாவது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட புதிய தலைமுறைக் கருவி. அதே வேலையை ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்தது. எழுதிக் கொடுக்க வேண்டியதும் குறைவு, படித்தால் புரியும். மூன்றாவது வேறு சாதி. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் சரிபார்த்து, வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத ஒரு தனி இடத்தில் வைத்துக் கட்டும். எத்தனை தடவை கட்டினாலும் ஒரே விடைதான் வரும். ஆனால் வேலையைத் தொடங்கவே ஜிகாபைட் கணக்கில் இறக்கச் சொன்னது. எங்கள் அறையில் இணையமே கிடையாது. மூன்றாவதைப் பற்றி, “வசதியுள்ள இடங்களுக்கு உகந்தது” என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போனேன். பொறுப்பாளர் கண்டியிலிருந்து யாரிடமாவது சொல்லி அதை ஒரு டிஸ்க்கில் எடுப்பிக்கலாம் என்றார். பிச்சை எடுத்த மெஷினுக்குப் பிச்சை எடுத்த டிஸ்க்கா என்று கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டார்.

நியாயமாக இரண்டாவதுதான் வென்றிருக்க வேண்டும். என் மேசையில் இருந்த மெஷினில் அழகாக ஓடியது. பிள்ளைகளின் அறையில் ஓடவில்லை. தொடங்கியதும் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்: 0xe0 என்ற பைட்டை வாசிக்க முடியவில்லை. நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகுதான் விளங்கியது. அந்த அறையில் கோப்புறைகளுக்கெல்லாம் நான் தமிழில் பெயர் வைத்திருந்தேன். ‘பயிற்சி’, ‘வகுப்பு’, ‘மாணவர்’. பிறப்புப் பத்திரத்திலிருந்து சம்பளச் சீட்டு வரை பெயரை யாரோ வேறு எழுத்தில் பிழையாக எழுதிக் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இந்த ஓர் அறையிலாவது எல்லாம் தமிழில் இருக்கட்டும் என்று செய்தேன். கம்ப்யூட்டருக்குள் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 0xe0 என்றுதான் தொடங்கும். அந்த மெஷின்களில் இருந்த பழைய பைத்தானுக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. சிங்கள எழுத்துகளும் அதே 0xe0 என்றுதான் தொடங்குகின்றன. வெளியே இவ்வளவு காலமாக அடித்துக்கொண்ட இரண்டு மொழிக்கும் உள்ளே முதல் பைட் ஒன்று. அந்தக் கருவி இரண்டையும் ஒரேமாதிரித் துரத்தியது.

பொறுப்பாளரிடம் சொன்னேன். சிரித்தார். “ஃபோல்டருக்கு இங்கிலீஷ்ல பேர் வைங்களேன் மிஸ். ஒரு நிமிஷ வேல.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“உங்க பக்கத்து லேப்ல சிங்களத்துல பேர் வச்சிருக்கு. அத மாத்தச் சொல்வீங்களா?”

“அங்க பிரச்சின இல்லையே, அது புது மெஷின்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

மேக்குக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பெயர் என்று எதைக் கொடுத்தாலும் வாசித்துப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போகும். எனக்கு அது போதுமாக இருந்தது. அறிக்கையில் வேகம் ஒரு நிரல், இறக்கும் அளவு ஒரு நிரல், மொழி ஒரு நிரல் என்று அட்டவணை போட்டு, மேக்கைப் பரிந்துரை செய்தேன்.

தமிழ்ப் பிரதிக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. கலைச்சொல் அகராதியைப் பார்த்து, ‘மூலத்திலிருந்து பொதிகளைக் கட்டும் கருவிகள்: ஓர் ஒப்பீடு’ என்று அடித்து மேசையில் வைத்திருந்தேன். கலேவெலக்காரி அதை எடுத்து வாசித்தாள்.

“மிஸ், இத எங்க அனுப்புறீங்க?”

“தலைமைக் கந்தோருக்கு.”

“ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மூலத்துக்குக் கட்டுப் போடுற விஷயம் போல ஈக்குது.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அப்படியே அனுப்பினேன், அகராதியில் அதுதான் இருக்கிறது. தலைமைக் கந்தோரில் யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. தமிழ்ப் பிரதியை யாராவது திறந்திருந்தால்தானே.

அனுமதி வந்தபோது பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. நடுவில் பௌர்ணமிப் போயா லீவு ஒன்று. ஆக, பரீட்சைக்கு முதல் நாள்தான் மெஷினில் உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, திருத்தம் எதுவும் சேர்க்காமல் முழுவதையும் ஒருமுறை கட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு முடிந்தது, ஓடியது. இனி கொம்பை இடம் மாற்றும் பகுதியைத் திருத்தி, மாறிய பகுதியை மட்டும் திரும்பக் கட்டினால் போதும். அதற்குத்தான் இந்தக் கருவிகள் இருக்கின்றன. மாறாததைத் தொடாது, மாறியதை மட்டும் கட்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மூன்று மணிக்கு வந்தது. உட்கார்ந்து கோப்பைத் திருத்தினேன், மேக்கை ஓடவிட்டேன். ஒரு வரி வந்தது: செய்வதற்கு எதுவுமில்லை.

பொறுப்பாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “முடிஞ்சதா மிஸ்?”

“முடிஞ்சது சேர்,” என்றேன்.

வேலை முடிந்தது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அந்த வரியை நான் எடுத்துக்கொண்டேன். பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டரோடு இருக்கிறேன். கோப்பைத் திருத்திய கையோடு அப்படி ஒரு வரி வரக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பஸ் போய்விடும், பன்னிரண்டு மெஷினுக்கும் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் தெரிந்ததை யோசிக்கவில்லை. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு சொல் அடித்துப் பார்த்தேன். பஸ் நினைப்பிலேயே இருந்ததால் பஸ் பலகைப் பெயர்கள்தான் கையில் வந்தன. பலாபத்வல. நாலந்தா. இரண்டும் சுத்தமாக விழுந்தன. அந்த இரண்டு பெயரிலும் ஒரு கொம்பு கிடையாது. இன்னும் கொஞ்ச தூரம் போய்க் ‘கலேவெல’ என்று அடித்திருந்தால் திரையில் ‘கேலெவல’ என்று வந்திருக்கும். அங்கேயே பிடித்திருப்பேன்.

மறுநாள் கண்டியிலிருந்து பரீட்சகர் வந்தார். தமிழர், வயதானவர், வெள்ளைக் கைச்சட்டை. கேள்வித்தாளில் ஒரு அரசாங்கக் கடிதம். ‘பிரதேச செயலகத்தினால்’ என்று தொடங்கி, வரிக்கு வரி செயலாளர், மேலதிக, தேவை, பெயர் என்று கொம்பு முளைத்த சொற்கள். பத்து நிமிட நேரம்.

பிள்ளைகள் திரையைப் பார்த்துத் தடவித் தடவி அடிக்கிறவர்கள். இரண்டாவது சொல்லிலேயே கொம்பு தப்பான இடத்தில் விழுவதைக் கண்டுவிட்டார்கள். எழுத்தை முதலில் அடித்துக் கொம்பைப் பிறகு அடித்தால் சரியாக வருகிறது என்று பிடித்துக்கொண்டு, மெதுவாகவாவது சமாளித்தார்கள். ‘அ’வைத் தேடுகிற பையன்கூட. அவள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. கண் தாளில் இருக்க வேண்டும், கை விசையில் இருக்க வேண்டும், திரையைப் பார்க்கிறவன் தட்டச்சாளன் இல்லை என்று படிப்பித்தது நான். எட்டு மாதம் அதைச் சொல்லிச் சொல்லி அவள் கழுத்தைத் திருப்ப விடாமல் வைத்திருந்தேன். பத்து நிமிடமும் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்காமல் அடித்தாள். முழுக் கடிதத்தையும் அடித்து முடித்தது அவள் ஒருத்திதான்.

அச்செடுத்த தாளைப் பரீட்சகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது? பிரேதச செயலகம்னு இருக்கு. செயலகத்த சுடுகாடாக்கிட்டீங்க.”

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். “நான் பிரதேசம்னுதான் சேர் அடிச்ச.”

“இருக்கலாம்.”

“கொம்பு தானா முன்னுக்கு ஓடிருக்குது. மிஸ்கிட்ட கேளுங்க. அவங்க நேத்து இதத் திருத்தினாங்க.”

பரீட்சகர் என்னைப் பார்த்தார். நான் அந்த மெஷினில் உட்கார்ந்து ‘பெயர்’ என்று அடித்தேன். புள்ளி போட்ட வட்டம் ஒன்று வந்தது, அதில் கொம்பு தொங்கியது, பக்கத்தில் ‘பயர்’ என்று நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மெஷின் பிழைன்னா நிலையத்தால எழுதிக் குடுங்க,” என்றார் பரீட்சகர். “எனக்குத் தாள்ல இருக்கிறதுக்குத்தான் புள்ளி போட ஏலும்.” கோபமில்லாமல்தான் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமே காரணத்தைக் கண்டுபிடித்தேன். மேக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. நேரத்தைத்தான் பார்க்கும். மூலக் கோப்பு கட்டிய கோப்பைவிடப் பிந்தியதாக இருந்தால் மாறியிருக்கிறது என்று நினைக்கும், முந்தியதாக இருந்தால் மாறவில்லை என்று விட்டுவிடும். மெஷினுக்குள் சில்லறைக் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். எங்கள் மெஷின்களில் அது செத்து எத்தனையோ வருடம். ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் தேதி பின்னால் போய் எங்கேயோ நிற்கும், காலையில் வந்ததும் நான் கையால் சரி செய்வேன். வகுப்பில் அது ஒரு பகிடி. மெஷின் சொல்லும் வருடப்படி தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று அவள் சொல்வாள். முதல் நாள் மூன்று மணிக்குக் கரண்ட் வந்தபோது தேதியைப் பார்க்க மறந்தேன். அதன் பிறகு திருத்திய கோப்புக்குப் பல வருடத்துக்கு முந்திய தேதி விழுந்தது. காலையில் கட்டியதைவிட இது பழையது என்று மேக் முடிவெடுத்தது. என் திருத்தத்தைத் தொடவே இல்லை. பன்னிரண்டு மெஷினிலும் நான் ஏற்றியது காலையில் கட்டிய பழைய பதிப்பு.

இரண்டாவது கருவியும் நேரத்தைத்தான் பார்க்கும், அதை எடுத்திருந்தாலும் இதே கதிதான். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மூன்றாவது தேதியைப் பார்க்காது, உள்ளே இருப்பதைப் பார்க்கும். அதைத்தான் நான் ஒரே வரியில் தள்ளிவிட்டேன். மூன்று வாரம் அட்டவணை போட்டேனே, ‘எது மாறியது என்று இந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்’ என்று ஒரு நிரல் போடவில்லை. செத்த பேட்டரியோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவள் நான். அதைக் கேட்க வேண்டிய ஆளும் நான்தான். இந்தக் கேள்வி கண்டியில் இருப்பவனுக்கு வராது. எனக்கு வந்திருக்க வேண்டும்.

பொறுப்பாளரிடம் போய், பிழை என்னுடையது, அவளுக்கு உடனே மறுபரீட்சை வைக்க எழுதுங்கள் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். “கரன்ன தெயக் நே, மிஸ்,” என்றார். செய்வதற்கு ஒன்றுமில்லை. “மற்றப் பிள்ளைகள் அதே மெஷின்ல பாஸாகியிருக்காங்க. ஆறு பேர். மெஷின் பிழைன்னு எழுதினா அவங்க ரிசல்ட்டையும் நிப்பாட்டுவாங்க. ரிப்போர்ட்டுக்கு அனுமதி குடுத்தது தலைமைக் கந்தோர். பிழைன்னு அவங்க எப்படிச் சொல்வாங்க? கரண்ட் பிரச்சினன்னு போடலாம். அதுக்கு மேல நான் சைன் வைக்க மாட்டேன்.”

“அவளுக்கு வயசு போகுது சேர்.”

“எனக்கு விளங்குது. அடுத்த பரீட்சை ஆறு மாசத்துல வருது.”

ஆறு மாதம் என்பது மற்றவர்களுக்கு.

நானே எழுதினேன். ஒரு பக்கம். என்ன செய்தேன், என்ன பார்க்கவில்லை, அவள் விசைகளைச் சரியாகத்தான் அழுத்தினாள், தாளில் விழுந்த பிழைகள் அத்தனையும் ஒரே மாதிரியானவை, கொம்பை ஒரு எழுத்து தள்ளி வைத்து வாசித்தால் கடிதம் பிழையில்லாமல் இருக்கிறது. நிலையத்தின் முத்திரை இல்லாமல், என் கையெழுத்தோடு. சிங்களத்திலும் நானே எழுதினேன். ஒரு பிரதியைப் பரீட்சைப் பகுதிக்குப் பதிவுத் தபாலில் போட்டேன். மற்றதை எடுத்துக்கொண்டு கலேவெலக்குப் போனேன். வரச் சொல்லியிருந்தால் அவள் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் வர வேண்டும். பரீட்சையன்று பார்த்த அந்த முகத்தோடு அவளை வரவழைக்க எனக்குத் துணிவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மரக்கறி லொறிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இரண்டு மொழியிலும் வாசித்தாள். கணவர் மோட்டர் சைக்கிளை ஓரமாக வைத்துக்கொண்டு தள்ளி நின்றார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“இத விண்ணப்பத்தோட வச்சா எடுப்பாங்களா மிஸ்?”

“தெரியல. முத்திர இல்ல.”

“முத்திர ஏன் இல்ல?”

“சேர் குடுக்கல்ல.”

“நீங்க பிழை செய்யத்தான் முத்திர போட்ட ரிப்போர்ட் ஈக்குது. ஒத்துக்கொள்ள மட்டும் முத்திர இல்லயா?”

 அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அதெல்லாம் வேணாம் மிஸ்,” என்றாள். “வீட்டுல எல்லாரும் அதத்தான் செல்லுறாங்க. உம்மா நசீப்பு, விதிங்கிறா, அவர் போனாப் போகுதுங்கிறார், நீங்க மன்னிப்புங்கிறீங்க. நான் ஒருத்திதான் கோபமா ஈக்கிறேன்.”

“நானும்தான்.”

“உங்களுக்கு நாளைக்கு வேல ஈக்குதே.”

பரீட்சைப் பகுதியிலிருந்து எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு வந்தது, இரண்டு வரி: பரீட்சார்த்தி அடுத்த தவணைப் பரீட்சைக்குத் தோற்றலாம். செயலகத்திலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது, சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்ற குறிப்போடு. என் கடிதத்தையும் அதோடு சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். போனில் இரண்டையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லையாம். தமிழ்க் கடிதம் வந்தால் இப்போதும் சிங்களத்தில்தான் பதில் போடுகிறார்களாம்.

“அடுத்த தவணைக்கு வரீங்களா?” என்று கேட்டேன். கேட்டபோதே மடத்தனம் என்று தெரிந்தது.

“என்னத்துக்கு?” என்றாள். பிறகு, “இனி எனக்குக் கோல் எடுக்காதீங்க மிஸ்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள். சண்டையாகச் சொல்லவில்லை. அதனால்தான் நான் பிறகு கோல் எடுக்கவில்லை.

நவம்பரில் தலைமைக் கந்தோர் என் ஒப்பீட்டு அறிக்கையை மற்ற மாவட்ட நிலையங்களுக்கும் மாதிரியாக அனுப்பியது. மேக் பரிந்துரைக்கப்படுகிறது, மாத்தளையில் வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்டது என்று சிங்களத்தில் ஒரு முன்குறிப்பு. கடிகாரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அதோடு சேர்க்கச் சொன்னேன். பொறுப்பாளர் வாங்கி மேசை லாச்சியில் வைத்தார். நான் ஒவ்வொரு நிலையமாகப் போன் போட்டுத் தமிழ்ப் பிரிவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களிடம் வாயால் சொன்னேன். பேட்டரியைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள், ‘செய்வதற்கு எதுவுமில்லை’ என்று வந்தால் நம்பாதீர்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். இரண்டு இடத்தில் தமிழ்ப் பிரிவே இல்லை என்றார்கள்.

டிசம்பரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். இந்த முறை இரண்டு வருடத்துக்கு. காரணம் என்று எழுதும் இடத்தில் அந்த அறிக்கையைக் குறிப்பிட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.